உள்ளே உறவினர் இல்லை

காவல், நீதிமன்றம், சிறை என்று மூன்று பருவமாகக் குற்றவியல் படித்துவந்த லோரெட்டா பெக்கம், முதல் இரண்டிலும் வகுப்பில் முதல் ஆள். சிறை வந்தபோதுதான் சறுக்கினாள்.

பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூர்க் கல்லூரி. பேராசிரியர் ஹஸ்கெல் முப்பது வருடம் போலீஸ் உடுப்பில் குப்பை கொட்டியவர். பக்கத்துச் சிறையைப் பார்க்க வகுப்பையே அழைத்துப்போவதாகச் சொல்லி, ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். நான்காவது கேள்வி: உள்ளே உறவினர் யாராவது உண்டா? உண்டு என்றால் அனுமதி கிடையாது.

உண்டு. தம்பி வெண்டல் ஓக்ஸ் (பெக்கம் அவள் புகுந்த வீட்டுப் பெயர்), ஆறு வருடமாக அங்கேதான் இருக்கிறான். தண்டனை முடியும் முன்பே விடலாமா என்று பார்க்க, வருகிற செவ்வாய்க்கிழமை பரோல் குழு அவனைக் கூப்பிட்டிருந்தது. விடுதலையானால் அக்கா வீட்டுக்குத்தான் வருவான். பின்னறைக்குப் பெயின்ட்கூட அடித்துவிட்டாள்.

ஹஸ்கெலிடம் தனியாகச் சொல்லியிருந்தால் வேறு வேலை கொடுத்திருப்பார். ஆனால் வகுப்பில் பாதி, போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள். முப்பத்து நான்கு வயதில் அவர்கள் நடுவே உட்கார்ந்து படிப்பவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. 'இல்லை' என்று குறித்துவிட்டாள். ஆயிரத்தைந்நூறு பேரில் அவன் எதிரில் வந்து நிற்கவா போகிறான் என்று ஒரு அசட்டு தைரியம்.

வந்து நின்றான். சாப்பாட்டுக்கூட வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்தான்.

அதைவிடக் கெட்ட காலம், மாணவர்களை அழைத்துப்போன அதிகாரி கிராட்ஸ். அவள் தம்பியைப் பார்க்க வரும் சனிக்கிழமைகளில் பார்வையாளர் கூடத்தில் இருப்பவர்.

"உங்கள எங்கயோ பாத்திருக்கேனேம்மா. சனிக்கிழமை வருவீங்கல்ல?"

"இல்ல சார், நான் வந்ததில்ல."

கிராட்ஸ் விடுகிற ஆள் இல்லை. "ஏய் ஓக்ஸ், இங்க வா. இவங்கள உனக்குத் தெரியுமா?"

வெண்டல் அக்காவைப் பார்த்தான். அவள் கழுத்தில் தொங்கிய மாணவர் அட்டையைப் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது.

"தெரியாது சார். படிக்கிற பொம்பளைங்க நம்ம சொந்தத்துல ஏது?"

பிள்ளைகள் சிரித்தார்கள், கிராட்ஸும். லோரெட்டா ஓர் அடி முன்னே வைத்தாள். உள்ளே கிடக்கிறவன் அக்கா மானத்தைக் காப்பாற்றுகிறான், அவள் மரம்போல் நிற்பதா?

"சார், அவன் என் கூடப்பிறந்த தம்பி. படிவத்துல பொய் எழுதினது நான்தான். என்னை வெளிய அனுப்பிடுங்க."

சொன்னதும் ஒரு கணம் நெஞ்சு லேசாயிற்று. கிராட்ஸின் சிரிப்பு நின்றது. ஆனால் அவர் திரும்பியது அவள் பக்கம் அல்ல.

"ஓக்ஸ், மாப்பக் கீழ வை. நான் கேட்டதுக்குப் பொய் சொல்லியிருக்க."

அதிகாரியிடம் கைதி பொய் சொன்னால் கடுமையான ஒழுங்கீனம், பரோலே போய்விடும். போன மாதத் தேர்வில் அவளே எழுதி முழு மதிப்பெண் வாங்கிய விடை.

"எனக்காகத்தான் சார் சொன்னான்."

"எதுக்காகச் சொன்னான்னு எழுத ரிப்போர்ட்ல இடம் இல்லம்மா."

"செவ்வாய்க்கிழமை அவனுக்கு பரோல் விசாரணை சார்."

"தெரியும். அதனாலதான் இன்னிக்கே எழுதியாகணும்."

வெண்டல் கைகளைப் பின்னால் கொண்டுபோய் விலங்குக்குக் கொடுத்தான். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அழாதக்கா," என்றான் போகும்போது. "கூடப் படிக்கிறவங்க பாக்குறாங்க."