பன்னிரண்டு பேருக்கும் ஒரே எண்

நைவாஷா ஏரிக்கரையிலுள்ள அந்த ரோஜாப் பண்ணையில் நாஃபுலாவின் தகுதிகாண் காலம் அன்றோடு முடிகிறது. பன்னிரண்டு பாத்திகளின் மண் ஈரமும் மின்பலகையில் தெரிந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சொந்த ஊரான புங்கோமாவுக்குப் பஸ்.

பாத்திக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சென்சார்கள், ஒரே கேபிளில் கோத்துப் பதிவுப் பெட்டிக்குப் போகின்றன. பெட்டி எந்த எண்ணைக் கூப்பிடுகிறதோ அது மட்டும் பதில் சொல்ல வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் எண் பூஜ்யம்தான். தனித்தனியாகச் சொருகி எண் கொடுக்க இரண்டு மணி நேரம் கேட்டாள். மேலாளர் கரீத்தியிடம் இரண்டு மணி நேரம் இருந்தது; அதை அன்றைய திறப்பு விழா மேடைக்கு வெள்ளைத் துணி கட்ட ஒதுக்கிவிட்டார்.

"எல்லாத்தையும் மாட்டிட்டு ஒரே தடவையில சொல்லிடும்மா. எதுக்கு ஒவ்வொண்ணா கொஞ்சிக்கிட்டு?"

சொன்னாள். 'பூஜ்யமே, இனி நீ ஒன்று' என்றதும் பன்னிரண்டும் பணிவோடு ஒன்றாம் எண் ஆயின. அதன்பின் ஒன்றைக் கூப்பிட்டால் பன்னிரண்டும் சேர்ந்து கத்தின; பலகையில் குப்பை எண்கள் விழுந்தன. கரீத்தி நிர்வாகத் திறமையைக் காட்டினார்: முதல் பாத்தியின் சென்சார் தவிர மற்றதைப் பிடுங்கு, அதன் அளவையே பன்னிரண்டு வரியிலும் போடு.

கவுண்ட்டி எனப்படும் மாவட்ட அரசின் விவசாயப் பொறுப்பாளர் நியாகுண்டி விழாவுக்கு வந்தார். விருந்தினர் ஒவ்வொருவரையும் பெயரும் பதவியும் சொல்லி வரவேற்பதுதான் அங்கே மரியாதை. கரீத்தி, "பெரியவங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரு வணக்கம்" என்று நேரத்தை மிச்சம் பிடித்தார். நியாகுண்டியின் முகம் இறுகியது.

"பாருங்க மெஷிமீவா," என்று அங்கத்து மரியாதைச் சொல்லோடு பலகையைக் காட்டினார் கரீத்தி. "எல்லாப் பாத்தியிலயும் முப்பத்தொண்ணு. எங்ககிட்ட ஏற்றத்தாழ்வே கிடையாது."

நியாகுண்டி கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை ஏழாம் பாத்தியில் கவிழ்த்தார். முப்பத்தொன்று அசையவில்லை.

"இதுக்குத் தாகமே இல்ல போலிருக்கே."

கரீத்தி நாஃபுலாவைப் பார்த்தார். பொய் சொல்லும் முறை இப்போது அவளுடையது.

"முதல் பாத்தி மட்டுந்தான் பேசுது சார். மத்ததைப் பிடுங்கி வச்சிருக்கோம். தனித்தனியா எண் கொடுக்காம மொத்தமா சொல்லிட்டோம்."

"மொத்தமா சொன்னா எவனுக்கு உறைக்கும்? உங்க வணக்கம் எனக்கே உறைக்கல. நீ போய் ஒவ்வொண்ணுக்கும் எண் குடும்மா, நான் சாயா குடிக்கிறேன்."

இரண்டு தட்டு மந்தாஸிப் பணியாரம் காலியாவதற்குள் வேலை முடிந்தது. ஏழாம் வரி நாற்பத்தெட்டுக்கு ஏறியது.

நன்றியுரையில் கரீத்தி திருந்தியிருந்தார். நியாகுண்டி, அவருடைய ஓட்டுநர், துணி கட்டியவர் வரை பெயர் சொன்னார். நாஃபுலா, "மற்றும் நமது நிரந்தர ஊழியர்கள்" என்பதில் அடங்கினாள். நடுவில் இருந்த 'நிரந்தர' என்ற சொல்லுக்காக அவள் தன் பெயரை விட்டுக்கொடுத்தாள்.