ஐந்து கால் ஆடு

எங்கள் குழுவில் ஜெயிக்கிற கார்டை எல்லாம் அச்சடித்து, லேமினேஷன் போட்டு, ஓரம் வெட்டிக் கொடுப்பவள் நான்தான். அந்தக் கார்டுக் கட்டில் என்னுடைய கார்டு ஒன்றுகூடக் கிடையாது. ஒரு மனுஷிக்கு வயிறெரிய இதைவிட வேறு காரணம் வேண்டுமா என்ன?

பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் ஜோதிகா. எனக்கு நேரெதிர் பாத்திரக்கடை, இனாயத்துல்லா மாமாவுடையது. உறவில்லை, ஆனால் கடை போட்ட நாளிலிருந்து மாமாதான். மத்தியான நேரத்தில் இரண்டு கடையிலும் ஈ ஓட்டுவோம். அப்படி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் மாமாவுக்கு இந்த யோசனை வந்தது. சின்னப் பிள்ளையில் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு விளையாடினோமே, அதேபோல நம் ஊரை வைத்தே கார்டு போட்டால் என்ன என்றார். படம் ஒன்று, கீழே நான்கு எண்கள்: வேகம், பலம், பொறுமை, கோபம். ஒவ்வொன்றும் நூறுக்குள். விளையாடும்போது முறை வந்தவர் நான்கில் ஒன்றைச் சொல்லுவார், அதில் யார் கார்டில் எண் பெரிதோ, அவருக்கு மற்றவர் கார்டு.

வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தோம். கடைக்காரர்கள், மினிபஸ் ஓட்டுகிற மாரீஸ்வரன், பாலவனத்தத்திலிருந்து தினமும் டவுனுக்கு வேலைக்கு வருகிற பிருந்தா, அவள் சிநேகிதிகள் என்று கொஞ்சம் பேர். சீட்டு என்று சொல்ல மாட்டோம். சொன்னால் ஏலச்சீட்டா, எத்தனை மாதம் என்று வந்து நிற்பார்கள்.

முந்தின நாள் ஜெயித்தவர் காலையில் தலைப்பு சொல்ல வேண்டும். கடையில் விளக்கு வைப்பதற்குள் அவரவர் கார்டை மாமாவின் மகள் பௌசியாவுக்குத் தனியாக அனுப்பிவிட வேண்டும். அவள் பேர் இல்லாமல் எல்லாவற்றையும் குழுவில் போடுவாள். ஷட்டர் இறக்குவதற்குள் ஓட்டு. தன் கார்டுக்குத் தானே போடக் கூடாது. ஜெயித்தவர் பேரை மட்டும்தான் சொல்லுவாள். தோற்றவர் யார் எதை வரைந்தார் என்பது அவளுக்கும் அல்லாவுக்கும் மட்டுமே தெரியும். பரிசு என்று எதுவும் கிடையாது. கார்டு அச்சாகிக் கட்டில் சேரும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கு நாங்கள் அடித்துக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. மாரீஸ்வரன் தன் மினிபஸ்ஸுக்கு வேகம் தொண்ணூற்றைந்து என்று போட்ட அன்றைக்கு, அந்த பஸ்ஸிலேயே வந்துகொண்டிருந்த பிருந்தா நடுவழியிலிருந்து மறுப்புத் தெரிவித்தாள்.

இடையில் ஒரு சட்டம் வந்தது. மாமாவின் அக்கா மகன் முகம்மது அனீஸ் ஒரு நாள் காவல் நாய் படம் அனுப்பி ஜெயித்துவிட்டான். படம் அத்தனை அழகு. அச்சடித்து வெட்டும்போதுதான் பார்த்தேன், நாய்க்கு இரண்டு வால். போனில் நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால் மிஷினே வரைந்து தருகிறதாம். அன்றோடு மாமா சட்டம் போட்டார். கையால் வரைய வேண்டும், இல்லையென்றால் போட்டோ எடுக்க வேண்டும், மிஷின் வரைந்தது செல்லாது. அதன்பிறகு எந்தக் கார்டு வந்தாலும், பாத்திரத்தில் ஓட்டை பார்ப்பதுபோல அதில் விரலையும் காலையும் எண்ண ஆரம்பித்தார்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு காலையில், முந்தைய நாள் ஜெயித்திருந்த பிருந்தா தலைப்புக் கொடுத்தாள்: வெயிலுக்குப் பயப்படாதவர். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தினம் மத்தியானம் பக்கத்துத் தெரு மாயக்காளின் ஆடுகள் என் கடைக் கழிவுக் காகிதத்துக்காக வந்து நிற்கும். அதில் கறுப்பாடு ஒன்று, தார் உருகுகிற ரோட்டில் நின்றுகொண்டு யாரோ ஒருவருடைய வருமானச் சான்றிதழை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அதன் குட்டி, நிழல் தேடி அம்மாவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது. கறுப்போடு கறுப்பாக அதன் உடம்பே தெரியவில்லை, ஒரு கால் மட்டும் தெரிந்தது. அதை அப்படியே வரைய வேண்டும்போல இருந்தது. கடையில் விற்கிற கலர் பென்சிலையே பிரித்து, ஜெராக்ஸ் கேட்டு வந்தவர்களை எல்லாம் காக்க வைத்து வரைந்தேன். இந்தத் தடவை கட்டில் என் கார்டு ஏறிவிடும் என்று உறுதியாக நம்பினேன்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் மாமாவின் குரல் குழுவில் வந்தது.

"ஆட்டுக்கு அஞ்சு காலு இருக்கு. யாரு அனுப்புனாகளோ தெரியல. இது மிஷினு போட்ட படம். செல்லாது."

அவ்வளவுதான். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. கால் ஒன்று கூடுதலாக இருப்பதால் வேகத்தைக் கூட்டலாமா என்று மாரீஸ்வரன் கேட்டான். அன்றைக்கு ஜெயித்ததும் அவன்தான், தன் மினிபஸ் டயரை வைத்து.

எனக்கு வந்த கோபத்தில் ஷட்டரை இழுத்த சத்தத்துக்கு எதிர்க்கடையில் அண்டா அதிர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் மணிகண்டனிடம் கொட்டினேன். அவர் மில்லுக்கு ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே, வரைந்தது நான்தான், பின்னால் குட்டி நிற்கிறது என்று ஒரு வரி போட்டால் முடிந்தது என்றார். ஆம்பளைகளுக்கு எல்லாமே ஒரு வரிதான். அந்த ஒரு வரியைத்தான் என்னால் போட முடியவில்லை. பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால் அது என்ன படம்? குட்டி தெரியவில்லை என்றால் அது என் பென்சிலின் குற்றம். அது எனக்கே தெரிந்ததுதான் இன்னும் சுட்டது. சுமாராக வரைகிறவள் என்று சொல்லட்டும், தாங்கிக்கொள்வேன். ஏமாற்றுக்காரி என்றால் எப்படித் தாங்குவது? எனக்கென்று இந்த ஊரில் இருக்கிற ஒரே வித்தை வரைவதுதான்.

மறுநாள் மாரீஸ்வரன் தன் டயர் கார்டை வாங்க வந்தான். மிஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு அடுத்த நாளும் ரிப்பேர். கட்டு வளராமல் நின்றது. குழுவில் ஆளாளுக்கு மெக்கானிக் பேர் சொன்னார்கள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் மாமா ரேஷன் கார்டோடு ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பழக்க தோஷத்தில் வாங்கி எடுத்துக் கொடுத்துவிட்டேன். சுடச்சுடக் காகிதம் கையில் வந்ததும் அவர் அதையும் பார்த்தார், மிஷினையும் பார்த்தார். ரிப்பேர் என்று சொன்னார்களே என்றார். அட்டைக்கு மட்டும்தான் ரிப்பேர் என்றேன். என்ன கோளாறு, நான் வேண்டுமானால் அருப்புக்கோட்டையிலிருந்து ஆள் கூட்டி வருகிறேன் என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

வாசலில் மாயக்காளின் ஆடுகள் வந்திருந்தன. கறுப்பாடு குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டிருந்தது. குட்டி அதன் பின்னால் நிழலுக்கு ஒண்டி நின்றது. மாமாவின் உதடு அசைந்தது. எண்ணுகிறார். இன்னொரு தடவை எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அந்த ஆடு நீ வரைஞ்சதா?"

ஸ்டேப்ளரை எடுத்து, ஸ்டேபிள் பண்ண வேண்டாத காகிதத்தை எல்லாம் ஸ்டேபிள் பண்ணினேன். அவர் போகவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"குட்டி தெரியலைன்னா அது நான் வரைஞ்ச தப்பு மாமா. தோக்கடிச்சிருக்கலாம். மிஷினுன்னு சொல்லியிருக்கக் கூடாது."

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஒரு ஆட்டுக்காக அழுகிறோமே என்று எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. மாமா ரேஷன் கார்டைச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"எல்லார் முன்னாலயும் சொன்னதை எல்லார் முன்னாலயும்தேன் திருப்பி எடுக்கணும்" என்றார்.

என் பேரைச் சொல்லக் கூடாது என்றேன். சொன்னால் பாவம் பார்த்து ஓட்டுப் போடுவார்கள், அந்தக் கார்டு கட்டில் கிடந்தாலும் ஒன்றுதான், கிடக்காவிட்டாலும் ஒன்றுதான். அவருக்குப் புரிந்தது. கல்லாவில் போய் உட்கார்ந்ததும் குழுவில் பேசினார். அந்த ஆட்டைப் பற்றித் தான் சொன்னது தப்பு, பின்னால் குட்டி நின்றிருக்கிறது, கால்களை மட்டும் எண்ணியது தன் பிழை, வரைந்தவர் தன்னை மன்னிக்க வேண்டும் என்றார். நாளைக்கு அதே தலைப்பை மறுபடி வைக்கலாமா என்றும் கேட்டார். தன் டயர் ஜெயித்தது ஜெயித்ததுதான் என்ற நிபந்தனையோடு மாரீஸ்வரன் ஒப்புக்கொண்டான். அன்றைக்கு யார் ஜெயித்தாரோ, அவரும் தலைப்பு வைக்கிற முறையை விட்டுக்கொடுத்தார்.

மறுநாள் நான் மறுபடி வரைந்தேன். இந்தத் தடவை அம்மாவின் வயிற்றுக்குக் கீழே குட்டியின் மூக்கும் ஒரு காதும் தெரிந்தன. ஐந்தாவது காலை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டேன், அதை எடுக்க மனசு வரவில்லை. பிறகு எண்கள். பழைய கார்டில் கோபத்துக்கு ஐந்து போட்டிருந்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புதுக் கார்டில் தொண்ணூற்றொன்பது என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம் வந்த கார்டுகள் எல்லாமே நன்றாக இருந்தன. அதுதான் பயமாக இருந்தது. யாரோ பாத்திரக்கடை வாசலில் தொங்குகிற எவர்சில்வர் அண்டாவைப் போட்டோ எடுத்து, சூரியனே முகம் பார்த்துத் தலை சீவிப் போகும் என்று எழுதியிருந்தார்கள். சிரித்துக்கொண்டே என் ஓட்டை அதற்குப் போட்டேன். போட்ட பிறகு, என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேனோ என்று பதறினேன். ஆட்டுக்கு எதற்கு இத்தனை கோபம் என்று பிருந்தா கேட்டாள். அண்டாவுக்கும் ஆட்டுக்கும் ஓட்டு மாறி மாறி விழுந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒரே ஓட்டில் ஆடு. ஜோதிகா அக்கா என்று பௌசியா அறிவித்தாள்.

குழுவில் உடனே மாரீஸ்வரன், அப்படியென்றால் மிஷின் ரிப்பேர் ஆனது இதனால்தானா என்று எழுதினான். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். மாமா ரோட்டைக் கடந்து வந்து, பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்தார்.

"நான் உனக்குப் போடலம்மா. அண்டாவுக்குத்தேன் போட்டேன். அது என் கடை அண்டா."

இதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. அவர் ஓட்டும் இல்லாமல், என் ஓட்டும் இல்லாமல் ஆடு ஜெயித்திருக்கிறது. அப்போதே மிஷினைப் போட்டு, நிறுத்தி வைத்திருந்த கார்டுகளோடு என் ஆட்டையும் அச்சடித்தேன். எத்தனையோ பேர் கார்டை ஓரம் பிசகாமல் வெட்டியவள், என் கார்டைக் கோணலாக வெட்டித் தொலைத்து, இன்னொன்று அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா கடையில் எல்லோரும் கூடுவோம், அந்த வாரக் கார்டுகளையும் சேர்த்துக் கட்டைக் குலுக்கி விளையாடுவோம். அன்று பௌசியா குலுக்கிப் பிரித்ததில் என் ஆடு மாமாவிடம் போய்விட்டது. அவரவர் அடுக்கில் மேலே இருக்கிற கார்டைத்தான் இறக்க வேண்டும். ஜெயித்த கார்டு அடுக்கின் அடிக்குப் போய், சுற்றி மறுபடி மேலே வரும். ஆடு மேலே வரும்போதெல்லாம் மாமா யோசிக்கவே இல்லை, "கோவம்" என்றார். அனீஸின் இரண்டு வால் நாய் போயிற்று. டயர் போயிற்று. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கை காலியாகி, அண்டாக்கள் மேல் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

என்னிடம் கடைசியாக ஒரே ஒரு கார்டு. கோடை இடி. எப்போதோ பிருந்தா வரைந்தது. எல்லா எண்ணும் தொண்ணூறுக்கு மேல், அதிலும் கோபம் தொண்ணூற்றெட்டு. இதை வைத்து விட்டதை எல்லாம் பிடித்துவிடலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாமா தன் மேல் கார்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிற முகம் அவருக்கு வராது.

"கோவம்" என்றார்.

பிருந்தா முதலில் சிரித்தாள். பிறகு கடையே சிரித்தது, நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இடியை எடுத்து மாமா கையில் கொடுத்தேன். அன்றைக்குக் கட்டு முழுவதையும் என் ஆடு மேய்ந்துவிட்டது.