தெருமுனையில் தீரும் பேட்டரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை. ஒரு கேள்வியைக் காதால் திருடிக்கொண்டு வந்தேன். மிச்சம் எல்லாம் ஜோடிப்பு.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் அப்துல் ரசாக் பாய் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். என் கையில் கட்டியிருக்கும் ஃபிட்னஸ் பேண்டுக்கு வயதாகிவிட்டது. வாங்கின புதிதில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரம் ஓடும். இப்போது காலையில் நூறு காட்டுகிறது, மத்தியானம் தயிர் சாதத்துக்கு வருவதற்குள் கண்ணை மூடிவிடுகிறது. பேட்டரி மாற்ற முடியுமா என்று கேட்கப் போயிருந்தேன்.

"மாத்தலாம் சார். ஆனா கம்பெனிக்காரன் ஒட்டி மூடிட்டான். சூடு காட்டித் தொறந்தா கண்ணாடி உடையும். உடைஞ்சா என்னத் திட்டக் கூடாது" என்றார் பாய்.

நான் கொடுப்பதா வேண்டாமா என்று முழித்துக்கொண்டு நிற்கையில், பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். சூப்பர் மார்க்கெட் யூனிஃபார்ம், தோளில் பை. வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"பாய், இந்த மாதிரி வாட்சு பேட்டரிய சீக்கிரம் சாவடிக்கிறதுக்கு இன்னா வழி?"

எல்லோரும் ஆயுளை நீட்டத்தான் அந்தக் கடைக்கு வருவார்கள். இவள் கொலைக்கு வழி கேட்கிறாள். பாய் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டு, "நெஞ்சுத் துடிப்ப எந்நேரமும் பாத்துக்கினே இருக்கிற மாதிரி ஆன் பண்ணி வுட்டுரும்மா. அதுவே எல்லாத்தயும் குடிச்சிரும்" என்றார். அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷமாக எழுதுகிறேன், இப்படி ஒரு முதல் வரி எனக்கு வந்து வாய்க்கவில்லை. அவள் போகிற போக்கில் வீசிவிட்டுப் போகிறாள்.

2

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

"பெங்களூர் நெடுஞ்சாலையில் அந்தி சாய்ந்துகொண்டிருந்த வேளையில் மதிவதனியின் விழிகளில்—"

சீ. அந்த ரோட்டில் அந்தி எங்கே சாய்கிறது, லாரி டயர்தான் சாய்கிறது. அடித்துவிட்டேன்.

"மதிவதனிக்கு இரவெல்லாம் தூக்கமில்லை, ஏனென்றால்—"

இதுவும் வேண்டாம். கதையில் வருகிற பெண்கள் எல்லோரும் ஏன் தூங்காமல் கிடக்கிறார்கள்? மதிவதனி படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள். அவளுக்குப் பொறாமை வருவது பட்டப்பகலில், தேங்காய் துருவும்போது.

(மதிவதனி என்ற பெயர் நான் வைத்தது. நிஜப் பெயரைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். மதிவதனி வானகரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். வீட்டுக்காரன் டில்லிபாபு திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். சென்னீர்குப்பத்தில் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார்கள். டில்லிபாபுவின் கையில் ஒரு பழைய பேண்ட் இருக்கிறது. கத்திரிப்பூ கலர் பட்டை. அது சபீனா கொடுத்தது.

3

சபீனா அதே கம்பெனியில் சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருக்கிறாள். கம்பெனியில் டாக்டர் வந்து எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்த அன்றைக்கு டில்லிபாபுவுக்கு அதிகமாகக் காட்டியது. சபீனா அப்போதுதான் புது பேண்ட் வாங்கியிருந்தாள். "டில்லிண்ணா, என்னோட பழசு சும்மாதான் கீது, கட்டிக்கினு டெய்லி நடங்க" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

"அண்ணானு கூப்புட்டா சரியாப்பூடுமா?" என்று மதிவதனி தேங்காயிடம் கேட்டாள்.

அவளைக் குறை சொல்லாதீர்கள். அவளும் கல்யாண நாளுக்கென்று கறுப்புப் பட்டையில் புத்தம்புது பேண்ட் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். டில்லிபாபு வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டான். அதை அட்டைப் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினான். மறுநாள் வேலைக்குப் போகும்போது கையில் மறுபடியும் கத்திரிப்பூ. எந்தப் பெண்டாட்டிக்குப் பொறுக்கும்?

போதாக்குறைக்கு இன்னொரு கொடுமை. பழைய பேண்டுக்குள் பேரை மாற்ற டில்லிபாபுவுக்குத் தெரியவில்லை, மாற்ற வேண்டும் என்றும் தோன்றவில்லை. சுத்தமாகச் செத்துப்போன பேண்டைச் சார்ஜில் போட்டால் அது ஒரு தடவை உதறிக்கொண்டு எழுந்து, பளிச்சென்று எழுத்துப் போடும்: ஹலோ சபீனா.

அவன் சார்ஜ் போடுவது சாமி அலமாரிக்குப் பக்கத்துப் பிளக்கில். மதிவதனி விளக்கேற்றப் போனால், முருகனுக்குப் பக்கத்தில் ஹலோ சபீனா.

இந்த இடத்தில் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரே நாளில் போய்விடாது. உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவு சுருங்கும். திரையில் நூறு காட்டும், உள்ளே நூறு இருக்காது. (இதைப் புருஷன் பெண்டாட்டியோடு ஒப்பிடச் சொல்லிக் கை பரபரக்கிறது. மாட்டேன். நீங்களும் ஒப்பிடாதீர்கள்.)

4

இப்போது அந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரிந்திருக்கும். பேண்ட் தானாகச் செத்தால்தான் அவன் கறுப்பைக் கட்டுவான். நொறுக்கிப் போட்டால் கண்டுபிடித்துவிடுவான். தானாகச் சாகிற மாதிரி சாக வேண்டும்.

டில்லிபாபு வீட்டுக்கு வந்ததும் போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போவான். பூட்டும் கிடையாது, ரகசிய எண்ணும் கிடையாது. (கள்ளத்தனம் இருக்கிறவன் போனைப் பூட்டாமல் வைப்பானா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மதிவதனிக்கு விழவில்லை. பொறாமைக்குக் காது கிடையாது, கண் மட்டும்தான்.) பாத்ரூமில் பக்கெட் நிறைகிற நேரத்துக்குள், போனில் இருந்த பேண்டின் ஆப்பைத் திறந்து பாய் சொன்னதைச் செய்து முடித்தாள். நெஞ்சுத் துடிப்பு, எந்நேரமும். பேண்டின் திரை வெளிச்சத்தைத் தொடவில்லை. கூட்டினால் தெரிந்துவிடும்.

வேலை செய்தது. ராவு வரைக்கும் தாக்குப்பிடித்த பேண்ட், அவன் வேலை முடிந்து வீடு வருவதற்குள் அணைய ஆரம்பித்தது.

"வயசாய்ச்சிம்மே இதுக்கு" என்றான் டில்லிபாபு. தூக்கிப் போட்டானா? அதுதான் இல்லை. வந்த உடனே சார்ஜில் போட்டான். முன்னே எப்போதாவது ஒரு நாள் தெரிகிற ஹலோ சபீனா, இப்போது தினம் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சரியாக வந்தது. தன் கையாலேயே அவளை வீட்டுக்கு அழைத்த மாதிரி ஆகிவிட்டது.

5

இந்த இடத்தில் கதை நின்றுபோய் நானும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உறைத்தது. துடிப்பை எந்நேரமும் பார்க்கச் சொன்னால், பேண்ட் பார்த்துவிட்டுச் சும்மா இருக்குமா? போனில் கோடு போட்டு வைக்குமே!

மதிவதனிக்கும் அப்படித்தான் உறைத்தது. பக்கெட் நிறைகிற சத்தத்தில் அந்தக் கோட்டைத் திறந்தாள். புருஷனின் நெஞ்சு, காலையிலிருந்து, சிவப்பாக, நெளிந்துகொண்டு.

முதலில் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தாள். கேன்டீனில் சபீனா அதே மேசையில்தான் உட்காருவாள் என்று அவனே சொல்லியிருக்கிறான். கோடு எழும்பவில்லை. தூங்குகிறவன் கோடு மாதிரி கிடந்தது. மதிவதனிக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே, 'இவ்ளோ சாவகாசமா உக்காந்து துன்றானே அவகூட' என்று அதற்கும் எரிந்தது.

அப்புறம் சாயங்காலம். அங்கேதான் கோடு குபீரென்று ஏறியிருந்தது. ஏற ஏற, பாதியில் அறுந்து போயிருந்தது. பேட்டரி காலி. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். நேரத்தைப் பார்த்தாள். கம்பெனியில் இல்லை. நெடுஞ்சாலையைத் தாண்டி, பைக் தங்கள் தெருமுனையில் திரும்புகிற நேரம். இன்னும் படிகூட ஏறவில்லை, உட்கார்ந்துதான் வருகிறான். எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறது?

தெருமுனையில் யார் இருக்கிறார்கள்? அடுத்த நாள் அவளுக்கு வாரவிடுப்பு, மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தெருமுனையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு குப்பைத் தொட்டி. ஆள் யாரும் இல்லை. அங்கே திரும்பினால் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான். இவள் நின்றுகொண்டிருந்த மாடி.

6

டில்லிபாபு எனக்கும் பிடிபடவில்லை. முதல் வரைவில் அவனைக் களவாணியாக எழுதினேன், சபீனா மேல் வீண் பழி ஏறியது. கிழித்தேன். அடுத்ததில் தங்கமான மனுஷன் ஆக்கினேன், கொட்டாவி வந்தது. கடைசியில் அவளையே கேட்கவிட்டேன்.

"இன்னாத்துக்கு இந்தப் பழசையே கட்டிக்கினு அழுவுற? நான் வாங்கினது உனக்குப் புடிக்கலியா?"

டில்லிபாபு துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "அது நீ வாங்கிக் குடுத்ததும்மே. மிஷின்ல எண்ணெ, தூசி, உராசல். கட்டிக்கினு போனா ஒரே வாரத்துல நாறிப்பூடும். அதான் பீரோல பத்திரமா கீது. இது ஓசில வந்தது, போனா போவுது" என்றான்.

அந்தப் பக்கத்து வழக்கமே அதுதான். கல்யாணப் பட்டு பீரோவில், புது ஸ்டீல் டம்ளர் பரணில், நல்லது எல்லாம் ஒரு நல்ல நாளுக்கு என்று பூட்டு போட்டுக் கிடக்கும். அருமையான பொருளைக் கண்ணில் படாமல் வைப்பான், அருமையான ஆளிடம் அதைச் சொல்ல மறந்துவிடுவான்.

நல்ல பதில்தான். மதிவதனி பீரோவைத் திறந்தாள். பெட்டிக்குள் கறுப்பு பேண்ட், கண்ணாடி மேல் ஒட்டின காகிதம்கூடப் பிரிக்கவில்லை. பட்டனை அழுத்தினாள். எழவில்லை. ஒரு நாள்கூட யார் கையிலும் கட்டாமலே அதன் சார்ஜும் இறங்கிப் போயிருந்தது.

"சரி, அத்த வுடு. தெருமுனைக்கு வந்தா உனுக்கு இன்னா ஆவுது?"

"இன்னா ஆவுது?"

"ஒண்ணுமில்ல. சோறு போடட்டா?"

கேட்டிருக்கலாம். கேட்டால் வேவு பார்த்தது தெரிந்துபோகும். முழுங்கிவிட்டாள்.

7

முடிவுகள்.

கறுப்பு பேண்டைச் சார்ஜில் போட, அது எழுந்து பெயர் கேட்க, டில்லிபாபு 'மதி' என்று— வேண்டாம், தித்திப்பு தாங்கவில்லை.

அவன் பெண்டாட்டிக்குப் பயந்த ஆள், இன்றைக்கு எதற்குத் திட்டு விழுமோ என்று தெருமுனையிலேயே— இதை எழுதும்போது மதிவதனி என்னை முறைத்தாள். ஆனால் அவளுக்கே இந்தச் சந்தேகம்தான் இப்போது அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. ஆசையில் அடிக்கிற நெஞ்சும் பயத்தில் அடிக்கிற நெஞ்சும் கோட்டில் ஒரே மாதிரிதான் ஏறும். கதவு திறந்து, இவள் முகத்தைப் பார்த்த பிறகு அது அடங்குகிறதா, இன்னும் ஏறுகிறதா? அதைத்தான் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கவிடாமல் பேட்டரியைத் தீர்த்தது யார்? அவளேதான்.

அதனால் இன்றைக்குக் காலையில் அவன் சாப்பாட்டுப் பையில், ரசம் டப்பாவுக்குப் பக்கத்தில், கத்திரிப்பூ பேண்டின் சார்ஜரை அவளே வைத்தாள். "மத்தியானம் சாப்புடறப்போ இத்தயும் சார்ஜுல போட்டுடு" என்றாள். "இன்னாம்மே, திடீர்னு பாசம்?" என்றான். கேன்டீனில் சபீனாவுக்கு எதிரேதான் அது ஏறியிருக்கும். ஏறட்டும் என்று விட்டாள்.

சாயங்காலம். பைக் சத்தம். படி ஏறும் சத்தம். கதவைத் திறந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், தினமும் பார்க்கிற மாதிரிதான். அவன் கையில் பேண்ட் அணையாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்தான், குளிக்கப் போனான். பக்கெட்டில் தண்ணீர் விழுகிறது. இன்றைக்குக் கோடு தெருமுனையில் அறுந்திருக்காது. படி ஏறி, கதவு தாண்டி, அவள் முகம் வரைக்கும் வந்திருக்கும்.

போன் அவள் கையில் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.

திறக்கச் சொல்வதா, திரும்ப வைக்கச் சொல்வதா, நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். பக்கெட் நிறைகிற வரைக்கும்தான் நேரம். என்னைக் கேட்காதீர்கள், நான் நியாயமாகச் சொல்ல மாட்டேன். எனக்கு டில்லிபாபு மேல் பொறாமை. என் பேண்டும் தினம் மத்தியானமே அணைந்துவிடுகிறது. அது வெறும் வயசுக் கோளாறு. அதைச் சாகடிக்க யாரும் பூந்தமல்லி வரைக்கும் பஸ் ஏறிப் போய் வழி கேட்கவில்லை.