இன்னொரு ஓட்டை

பாரி கட்டிய ஆம்ப்ளிஃபயருக்கு எல்லாம் இருந்தது, முகம்தான் இல்லை. எம்.கே.பி. நகர் வீட்டு அலமாரியில் அந்த மரப்பெட்டி முன்பக்கம் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். உள்ளே இருந்து குமிழ்கள் வயரோடு வெளியே தொங்கும். சத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால் மகிழினி அதில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு திருகுவாள். ஓமனில் கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கணவன் சொல்லிவிட்டுப் போனது இதுதான்: "பேனல மட்டும் உட்டுடு மே. நான் வந்து போட்டுக்கறேன்."

சொந்தமாக செட்டு கட்டுகிறவர்களின் வழக்கமே அது. உள்ளே இருப்பதையெல்லாம் ஆசை ஆசையாகச் செய்வார்கள், முன்பக்கப் பேனலை மட்டும் கடைசிக்குத் தள்ளுவார்கள். ஒருமுறை ஓட்டை போட்டுவிட்டால் அப்புறம் மனசு மாற முடியாதே! பாரிக்கோ மனசு மாறிக்கொண்டே இருந்தது. காண்ட்ராக்ட் முடிந்து வரவேண்டிய சமயத்தில், "பேனல்ல மீட்டருக்கு ஒரு ஓட்டை வெக்கணும் மே" என்று ஆரம்பித்தான். எங்கெங்கோ சுற்றி, இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டு வருகிறேன் என்று முடித்தான். அடுத்த தடவை ஹெட்போனுக்கு ஒரு ஓட்டை, கூடவே இன்னொரு வருஷம். கெட்ட சேதியை நேராகச் சொல்லத் துப்பில்லாத மனுஷன். அவன் ஓட்டை என்று வாயெடுத்தாலே மகிழினிக்குத் தெரிந்துவிடும், இன்னொரு வருஷம் போச்சு என்று.

இந்த வருஷம் அவளே முந்திக்கொண்டாள். பேனலைச் செய்து வைத்துவிட்டால் அப்புறம் எங்கே போய் ஓட்டை கேட்பான்? கூறுகெட்ட யோசனைதான். ஆனால் ஏங்கிக் கிடக்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? அவளுக்கு ஆள் வேண்டும். குழம்பில் உப்பில்லை என்று குறை சொல்ல, ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க வயரைப் பரப்பிவைத்துத் திட்டு வாங்க, அவன் வேண்டும்.

திருவொற்றியூரில் சௌக்கத் அலியின் பட்டறையில் அவளுக்கு வேலை. துளை போட்டு வரும் இரும்புத் துண்டுகளின் பிசிறை ராவி, எண்ணெய் துடைத்துப் பெட்டியில் அடுக்குவாள். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குச் சரக்கு எடுக்கப் போன பட்டறை வண்டியில் தானும் ஏறிப்போய், பளபளப்புக் கெடாமல் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய அலுமினியத் தகடு ஒன்று வாங்கி வந்தாள். முகத்தில் கீறல் விழக்கூடாதென்று தகட்டைக் கவிழ்த்துப் போட்டாள். ஓட்டை கேட்கும்போது பாரி அனுப்பியிருந்த பேனல் படத்தைப் பார்த்து, முதுகுப்பக்கத்தில் அளவு குறித்தாள். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா இருந்தபோது ஒவ்வொரு துளையாகப் போட்டாள்.

தாளை உரித்து நிமிர்த்திப் பார்த்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வலப்பக்கம் இருக்க வேண்டிய வால்யூம் ஓட்டை இடப்பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. முதுகில் குறித்தால் முகத்தில் இடம் வலம் மாறிவிடும் என்பது அவள் நினைப்பிலேயே இல்லை. திருப்பி மாட்டலாமென்றால் முதுகு முழுக்கக் குறித்த கீறல்கள்.

சௌக்கத் அலி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேனல் போடறவன் எவனா இருந்தாலும் ஒரு தபா இப்டி கெடுப்பாம்மா. நானும் கெடுத்துகீறேன். வேற தகடு எடுத்துக்க."

அவள் எடுக்கவில்லை. கெட்டுப்போனதையே பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சாயங்காலம் பாரி வீடியோவில் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. "மே, பேனல்ல இன்னொரு ஓட்டைக்கு எடம் கீதா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. தகட்டைத் தூக்கி போனுக்கு முன்னால் காட்டினாள்.

"இன்னாமே இது, வால்யூம் லெப்ட்ல கீது? அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர் கீது. வயர அங்க இழுத்தா ஸ்பீக்கர்ல ஹம்மிங் எரைச்சல் வரும். அத தூக்கிக் கடாசிட்டு வேற போடு."

"வேற போட மாட்டேன். ஓட்டைக்கும் எடம் இல்ல. நீ வந்து உள்ள கீறத மாத்து."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "காலைல கையெழுத்து போட்டுட்டேன் மே. இன்னும் ஒரு வருஷம்."

"எனக்கு செட்டும் வாணாம், பாட்டும் வாணாம். நீதான்யா வோணும்" என்றாள். போனை அணைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை சால்டரிங் அயர்னை எடுத்தாள். அவன் வேலை செய்யும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தவள்தானே. வராவிட்டால் போ, நானே முடிக்கிறேன் என்கிற கோபம் கையை ஓட்டியது. அவன் பற்றவைத்திருந்ததை உருக்கிப் பிரித்தாள். வால்யூம் வயர் எட்டவில்லை, ஒட்டுப்போட்டு நீட்டினாள். பேனலை மாட்டி, நட்டுகளை முறுக்கி, குமிழ்களைச் செருகினாள். செட்டு அலமாரியில் லட்சணமாக நின்றது.

பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. அவன் வந்து செய்ய வேண்டும் என்று இந்த வீட்டில் மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான். அதையும் அவளே முடித்துவிட்டாள்.

சுவிட்சைப் போட்டாள். பாட்டு வைப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று முனகியது. உடனே பாரியை அழைத்து, போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"ஹம்மிங்! நான் சொன்னேன்ல?" பாரியின் குரல் துள்ளியது. "நீயாமே மாட்டுன? பரவால்ல, சின்ன வேலதான். என் பொட்டில கறுப்பு ஷீல்டு வயர் கீது பாரு. நீ இழுத்த வயர எடுத்துட்டு அத போடு. டிரான்ஸ்பார்மர் பக்கம் போவாம கீழால இட்டுகினு வா. நின்னுடும்."

அந்த வயர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அயர்னில் இன்னும் சூடு இருந்தது. மகிழினி அதன் பிளக்கைப் பிடுங்கினாள்.

"வாணாம்யா. எல்லாத்தயும் நானே செஞ்சிட்டேன். இது ஒண்ணாவது நீ வந்து செய்."

அவன் போனை வைக்கவில்லை. முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அதுவரிக்கும் எப்டிமே பாட்டு கேப்ப?" என்றான்.

"இதோடதான் கேப்பேன்" என்றாள் மகிழினி.