ஆனந்தியின் தாடிக்கு உரிமை கோரியவர்கள்

எங்கள் குடும்பத்தில் இப்போது உயிரோடு இருப்பவர்களில் மூத்தவள் நான், பாலம்மாள். கடம்பூருக்கு மேற்கே எங்கள் கரிசல் காடு எங்கே முடிகிறது என்று சந்தேகம் வந்தால் இன்றும் என்னிடம்தான் கேட்பார்கள். ஆனந்தியின் தாடி விஷயத்தை ஊர் தன் வசதிக்கு மாற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டிய பொறுப்பும் என்னுடையதே.

ஆனந்தி என் மறைந்த தம்பியின் பிள்ளை. பிறந்தபோது ஆண் என்று எழுதினார்கள். வளர்ந்தபிறகு, தான் பெண் என்று அவள் சொன்னாள். ரேஷன் கார்டிலிருந்தே போய்விட்ட பழைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளை யார் என்பதை எங்கள் வீட்டுப் பிள்ளைதான் சொல்லவேண்டும். உரக்கடை வாசலில் நிற்பவர்கள் சொல்லக்கூடாது. கௌரவம் என்று நான் அறிந்தது அதுதான்.

என் மற்ற இரண்டு தம்பிகளும் வேறு மாதிரி அறிந்திருந்தார்கள். இளையவன் லிங்கராஜ், மேற்படி உரக்கடையின் முதலாளி. நடு ஆள் இசக்கிபாண்டி, மேற்படி ஊரின் மிகப் பெரிய மீசைக்காரன். பாயசம் குடிக்கும்போது ஒரு கையால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வான். ஆனந்தி சேலை கட்டிய நாளிலிருந்து மூன்று வருடமாக இருவரும் அவளோடு பேசவில்லை. அவளைப் பெற்ற சுந்தரேஸ்வரியோடும் பேசவில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு பேசாமலிருப்பது பெரிய உழைப்பு. அதைச் சோம்பலில்லாமல் செய்தார்கள்.

ஆனந்தி திருநெல்வேலியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே அறுவை சிகிச்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் முடியை வேரோடு போக்கவேண்டும். டாக்டர் சொன்ன இடத்தைப் பற்றி எழுதுவது என் வயதுக்கு ஆகாது. முகத்தைப் பற்றி எழுதலாம். அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் படுக்கையாக இருக்கவேண்டும் என்பதால், முகத்தையும் முன்னதாகவே முடித்துவிட அவள் தீர்மானித்திருந்தாள். மதுரையில் குல்ஷன் என்ற பெண் அதைச் செய்கிறாள். மெல்லிய ஊசியை ஒவ்வொரு முடியின் குழிக்குள்ளும் விட்டு மின்சாரம் பாய்ச்சவேண்டும். ஒரு தடவை நான் துணைக்குப் போயிருந்தேன். மரத்துப்போகும் களிம்பை முகமெல்லாம் பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, கடம்பூர் போளியைப் பொட்டலம் கட்டியது போல உட்காரவைத்தார்கள். அப்படியும் மேலுதட்டுக்கு வந்தபோது அவள் கால்விரல்கள் மடங்கின.

“கத்தணும்னா கத்துட்டி. வெளியே யாரும் வாயத் திறக்காம நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். அவள் கத்தவில்லை. எங்கள் குடும்பத்துப் பிள்ளை.

இந்த வைத்தியத்தில் ஒரு வினோதம் உண்டு. போக்க வேண்டிய முடியை முதலில் வளர்க்கவேண்டும். ஊசிக்குப் பிடி கிடைக்கிற அளவு வளர்ந்தால்தான் வேலை நடக்கும். போக்கிய இடத்திலும், தோலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவை பிற்பாடு எழுந்து வரும். அதையும் வளரவிட்டு, அதையும் போக்கவேண்டும். ஆக, பெண்ணாக வாழும் ஆனந்தி மாதத்தில் பாதி நாள் மாஸ்க் போட்டுக்கொண்டு ரகசியமாகத் தாடி வளர்த்தாள்.

அப்படி ஒரு வளர்ப்பு நாளில்தான் எங்கள் குலதெய்வப் பொங்கல் வந்தது. திங்கட்கிழமை மதுரையில் ஊசி. சனிக்கிழமை ஊரில் பொங்கல். தாடியோடு சேலை கட்டக் கூச்சப்பட்டு, பேண்ட் சட்டையும் மாஸ்க்குமாக, யார் கண்ணிலும் படாமல் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள். அம்மா பொங்கலிட்டுக்கொண்டிருந்த கோயில் வளாகத்தில் தண்ணீர் குடிக்க மாஸ்க்கை இறக்கியபோது இசக்கிபாண்டி பார்த்துவிட்டான்.

அவன் பார்த்தது என்ன? பேண்ட் சட்டை. தோளுக்குக் கீழே இறங்கிய தலைமுடி. கன்னத்தில் தாடி. எங்கள் பக்கத்தில் தலையும் தாடியும் சேர்ந்து வளர்த்த ஆளைக் கண்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. சாமிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறான் என்று கும்பிட்டுவிடுவார்கள். இசக்கிபாண்டியும் கண்ணீர் விட்டான். பிள்ளை திருந்திவிட்டான், திருந்தியதோடு கழுகுமலை முருகனுக்கு முடியும் வளர்த்திருக்கிறான். செய்தி பொங்கப்பானையை முந்திக்கொண்டு ஊரைச் சுற்றியது. சாயங்காலத்துக்குள் பசுவந்தனையில் ஒரு பெண்கூடப் பார்த்துவிட்டார்கள்.

தாடி எப்படி வந்தது என்பதில்தான் தகராறு. பங்குனி உத்திரத்தில் தான் வேண்டிக்கொண்டதன் பலன் என்றான் இசக்கிபாண்டி. அதற்கும் முந்திய தைப்பூசத்திலேயே தான் வேண்டிவிட்டதாக லிங்கராஜ் சொன்னான். அவனவன் மனைவி அவனவனுக்குச் சாட்சி. மூன்று வருடம் பிள்ளையின் முகத்தைப் பார்க்காதவர்கள், அந்த முகத்தில் முளைத்ததற்குப் பங்கு கேட்டார்கள். கடைசியில் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்: மறுநாளே கழுகுமலைக்கு வேன் பிடித்துப் போய், தலையும் தாடியும் சேர்த்து ஆனந்திக்கு முடி இறக்கிவிடுவது.

சமையற்கட்டுப் பக்கம் ஆனந்தி என்னிடம் வந்தாள். தாடியை இழந்தால் திங்கட்கிழமை ஊசி வீண். முன்பே குறித்த நாள் தவறினால் குல்ஷனிடம் வேறு நாள் கிடைக்க மாதங்கள் ஆகும்; அறுவைக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்த மாதமும் தள்ளிப்போகும். தலைமுடியோ, ஆனந்தி என்ற பெயரோடு சேர்ந்து வளர்ந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், சுந்தரேஸ்வரி குறுக்கே நின்றாள். கொழுந்தன்மார் மூன்று வருடம் கழித்து அன்றுதான் அவள் வீட்டில் காப்பி குடித்திருந்தார்கள்.

“ஒரு மொட்டைதான மதினி. முடி திரும்ப வளந்துரும். உறவு வளருமா?” என்று அழுதாள்.

ஆனந்தி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் தலை குனிவதில்லை.

“நீயும் வேன்ல ஏறு. நானும் வாரேன்” என்றேன்.

வேனிலும் தைப்பூசம் பெரிதா பங்குனி உத்திரம் பெரிதா என்பதே பேச்சு. நான் இருவரையும் தடுக்கவில்லை, நன்றாகப் பேசவிட்டேன். டிரைவர் உட்பட எல்லோர் காதிலும் விழவேண்டும்.

முடி இறக்கும் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கத்தியை மடக்கிப் பிடித்தபடி ஒருவர், யாருக்கு என்று கேட்டார். ஆனந்தியை முன்னால் தள்ளினார்கள். நான் நடுவில் போய் நின்றேன்.

“வேண்டுனது யாரு?”

“நான்தான் யக்கா” என்றான் இசக்கிபாண்டி. அவனுக்கு முன்னால் நான்தான் என்று லிங்கராஜ் சொன்னான்.

“முருகன் சன்னதில சொல்லுதீய. ரெண்டு பேரும் வேண்டுனது நிசந்தான?”

நிஜம் என்று இருவரும் கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னார்கள்.

“அப்ப ரெண்டு பேரும் உக்காருங்க. நம்ம அய்யா மழைக்கு வேண்டுனாரு, தன் தலையத்தான் கொடுத்தாரு. உங்களுக்கு அம்மை போட்டப்ப வேண்டுனாரு, அப்பவும் தன் தலையத்தான் கொடுத்தாரு. அடுத்த ஆளு முடிய நேந்துவிட்டுட்டுத் தான் மீசையோட வீட்டுக்கு வந்த ஆம்பள நம்ம வம்சத்துல கெடையாது.”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அப்பாவின் பெயருக்கு மேல் அவர்களால் பேச முடியாது. வேண்டவே இல்லை என்று சொன்னால் சன்னதியில் பொய். வேண்டியது உண்மை என்றால் கத்தி. லிங்கராஜ் மெதுவாக, வேண்டுதலில் அண்ணனுக்குத்தான் பெரும்பங்கு என்று விட்டுக்கொடுத்துப் பார்த்தான். தைப்பூசம் முந்தி வருகிறது என்று அண்ணன் நினைவூட்டினான். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

“மீசையும் சேத்தா அம்மா?” என்று கத்திக்காரர் கேட்டார்.

“வேண்டுனதே தாடி மீசைக்குத்தான்யா” என்றேன்.

இசக்கிபாண்டியின் மேலுதடு நாற்பது வருடமாக வெயில் படாத இடம். பிறந்த குழந்தையின் பாதம் மாதிரி இருந்தது. அவன் மனைவி ஒரு கணம் அடையாளம் தெரியாமல் லிங்கராஜ் பக்கத்தில் போய் நின்றாள்.

கோவில்பட்டியில் டீக்கடையில் வேனை நிறுத்தினோம். கத்தி பட்ட உதடு எரிகிறது என்று இசக்கிபாண்டி கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தான். ஆனந்தி பையிலிருந்து களிம்பை எடுத்துக் கொடுத்தாள். “கொஞ்சமாப் போடுங்க சித்தப்பா” என்றாள். அவன் எதையும் கொஞ்சமாகச் செய்கிறவன் இல்லை. கொஞ்ச நேரத்தில் டீ உதட்டில் நிற்காமல் சட்டையில் இறங்கியது. மரத்துப்போயிருந்தது.

“என்ன மருந்துலே இது? உனக்கெதுக்கு?” என்றான் குழறலாக.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். குனியாமல் சொன்னாள். தாடி எதற்கு, ஊசி எதற்கு, நாளைக்கு எங்கே போகிறாள், எல்லாம். லிங்கராஜ் டம்ளரை வைத்துவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். இசக்கிபாண்டி நகரவில்லை. தன் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

“இதப் போட்டுக்கிட்டாலும் வலிக்குமா?”

“போட்டாலும் வலிக்கும் சித்தப்பா.”

“ஒவ்வொரு முடிக்கும்?”

“ஒவ்வொரு முடிக்கும்.”

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. உதடு மரத்ததால் என்று அவன் பிற்பாடு சொல்லிக்கொண்டான்.

திங்கட்கிழமை குல்ஷன் ஆனந்தியின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்து, நல்ல வளர்ச்சி என்றாள். நான் வாசல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பசுவந்தனைப் பெண்வீட்டாருக்கு நானே ஆள் விட்டுச் சொன்னேன். சுந்தரேஸ்வரி என்னோடு சில நாள் பேசவில்லை; பிறகு ஒருநாள் காப்பி டம்ளரோடு வந்தாள். லிங்கராஜ் இன்னும் பேசவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறான். இசக்கிபாண்டி ஒரு மாதம் துண்டால் வாயை மூடிக்கொண்டு திரிந்தான். பிறகு திருநெல்வேலிக்குப் போன் போட்டான். நான் அப்போது ஆனந்தியின் பக்கத்தில்தான் இருந்தேன். நலம் விசாரிக்க அவனுக்குத் தெரியாது.

“தாடி வளந்துட்டா?” என்றான் எடுத்த எடுப்பில்.

“வளந்துட்டு சித்தப்பா. அடுத்த வாரம் கடைசி ஊசி. அது முடிஞ்சதும் டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி தாரேன்னுட்டாவ” என்றாள் ஆனந்தி. “உங்களுக்கு?”

“பாதிதான் வந்திருக்கு. தேதி வந்ததும் சொல்லுட்டி” என்றான்.

டீக்கடையில் ஆம்பிளைப் பிள்ளையைப் போல ‘லே’ என்றவன் இப்போது ‘ட்டி’ என்றதை நான் கவனித்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.