ஓடைக்கு வந்த கடக்கால் கற்கள்

மதுரை காஜிமார் தெருவில் சமீனாவின் பழைய வீட்டை இடித்து முடித்ததும், இடிபாட்டு ரப்பீஸை எங்கே கொட்டுவது என்ற பேச்சு வந்தது.

“ஊரே கண்மாய்க் கரையிலதான்க்கா கொட்டுது. நாமளும் கொட்டிருவோம்,” என்றான் தம்பி மன்சூர்.

“கண்மாயில ஒரு கூடைகூட விழக்கூடாது. செங்கல் துண்டெல்லாம் புது வீட்டுத் தரைக்கு அடியில போகட்டும். அஸ்திவாரத்துல கெடந்த கடக்கால் கல்லு பூராம் பேரையூருக்கு,” என்றாள் சமீனா.

பேரையூருக்கு வெளியே அவளுக்கு மானாவாரி நிலம் இருந்தது. பெரிய மழை பெய்தால் அதன் நடுவே போகும் ஓடை கரையை அறுத்து, மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். குறுக்கே கல் அடுக்கினால் மண் நிற்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கல் ஏற்றி வந்த லாரியை, ஓடை இறங்கிப் போகும் கீழ்க்காட்டுக்காரர் நல்லகாமன் மறித்தார்.

“டவுன் குப்பையக் கொண்டாந்து ஓடைய அடைக்கிறீகளா? எங்க கெணத்துக்குத் தண்ணி எப்படி வரும்?”

சமீனா இறங்கினாள். “குப்பையான்னு ஏறிப் பாருங்கண்ணே. வெறும் கல்லு. சிமெண்டு கிடையாது, அடுக்கத்தான் போறேன். சந்து வழியா தண்ணி உங்களுக்கு வரும். மண்ணு எனக்கு நிக்கும்.”

“வரலைன்னா?”

“கடப்பாரையப் போட்டுப் பிரிச்சிருங்க. ஏன்னு கேக்க மாட்டேன்.”

அவர் அரை மனதாக விலகினார்.

ஐப்பசியின் முதல் மழையிலேயே அடுக்கில் பாதி சரிந்துவிட்டது. செய்தி கேட்டு மன்சூர் தலையில் கைவைத்தான். சமீனா விடிந்ததும் கிளம்பிப் போனாள். நடுப்பகுதியை உயர்த்தி அடுக்கியதால் தண்ணீர் ஓரமாக ஒதுங்கிக் கரையைக் குடைந்திருந்தது. பார்த்த உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு உருண்டு கிடந்த கல்லைப் புரட்டினாள். மறுமுனையை யாரோ பிடித்தார்கள். நிமிர்ந்தால், நல்லகாமன். தோளில் கடப்பாரை.

“பிரிக்க வந்தீகளாண்ணே?”

“பிரிக்கத்தான் வந்தேன். இங்க பாத்தா மேல்பக்கம் முழங்கால் மட்டும் வண்டல் நிக்குது. நேத்துப் போன தண்ணியும் எங்க பக்கம் வந்துருக்கு. எங்க வைக்கணும், சொல்லுங்க தாயி.”

“கரையோரம் உசத்தி வைங்க. நடுவுல பள்ளமா இருக்கட்டும்.”

கடப்பாரையால் கல்லை நெம்பி நெம்பி, பொழுது சாயுமுன் அடுக்கிவிட்டார்கள். அடுத்த மழையில் ஒரு கல்கூட அசையவில்லை. கார்த்திகையில் கல் சந்துகளில் அருகம்புல் முளைத்தது. வண்டலில் சமீனா உளுந்து விதைத்தாள்.

தை பிறந்ததும் நல்லகாமன் போன் செய்தார்.

“கெணத்துல தண்ணி கெடக்கு தாயி. எங்க காட்டுலயும் ஓடை அறுக்குது. மருதயில வேற யாரும் வீடு இடிக்கிறாகளா?”

“விசாரிச்சிட்டேன்ணே. கல்லோட நாளைக்கு வாரேன்,” என்றாள் சமீனா.