எட்டு வயலின்களும் ஒரு தாளமும்

"ஏய் வாலு! அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. நீ அந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டு அழு!"

பக்கத்து அறையிலிருந்து அண்ணன் கத்தினான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வரேண்ணா. ஆச்சு, முடியப்போகுது."

திரையில் மேலே அம்மாவின் வயலின் குழுவின் பதிவு, வாசித்தது வாசித்தபடியே. கீழே கணினியில் அவள் செய்த தாளம். மேலே உள்ளதைத் தொடாமல், தாளத்தின் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக நகர்த்திக்கொண்டிருந்தாள். பாழாய்ப்போன வேலை!

காலையில்தான் அம்மாவுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டியிருந்தாள். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"இது நான் வாசிச்சதில்லையே."

"நீதாம்மா. எல்லாரும் தாளத்துக்குக் கொஞ்சம் லேட்டா வந்தீங்க. அதை நேராக்கினேன், அவ்வளவுதான்."

"எட்டுப் பேரும் சேர்ந்து லேட்டா வந்தா அது தப்பாடி? நான் வில்லைத் தூக்குவேன், அவங்க மூச்சு வாங்குவாங்க, அப்புறம்தான் எல்லாரும் இறங்குவோம். அந்த மூச்சையே பிடுங்கிப் போட்டுட்டியே."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். காலமெல்லாம் அடுத்தவர் பாட்டுக்கு வாசித்தவள். உடம்பு முடியாத நிலையிலும் தோழிகளைத் திரட்டி வந்து மகளின் பாட்டுக்காக வாசித்தாள். இந்த வருத்தத்தோடு அம்மா போய்விடக் கூடாது.

கடைசி அடியையும் நகர்த்திவிட்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அண்ணன் குறுக்கே நின்றான்.

"இப்ப பாட்டு போடற நேரமாடி? மனசாட்சி இருக்கா உனக்கு?"

"தள்ளுண்ணா!"

தலையணையோரம் வைத்துப் போட்டுவிட்டாள். வயலின்கள் தம் போக்கில் இறங்கின. தாளம் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாட்டு முடிந்த பிறகு உதடு அசைந்தது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"கடைசி வரியில... தாளம் இன்னும் அவசரப்படுது."

"மாத்திடறேன்மா. மத்ததெல்லாம் சரியா? அம்மா? சொல்லும்மா!"

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் மூச்சு அடங்கிவிட்டது. அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

சாயங்காலத்துக்குள் வீடு ஆட்களால் நிறைந்துவிட்டது. கிளம்பும் நேரத்தில் அவளைக் காணோம். தேடிக்கொண்டு வந்த அண்ணன், அறை வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி வந்தாச்சு. இன்னும் என்னடி பண்ற?"

"கடைசி வரி."

போட்டுக் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள். தாளத்தை இன்னும் ஒரு இழை தள்ளி வைத்தாள்.

கூடத்திலிருந்து யாரோ, "எடுத்துடலாமா?" என்று குரல் கொடுத்தார்கள்.

அண்ணன் கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே தலையை நீட்டினான்.

"கொஞ்சம் பொறுங்க," என்றான்.